ஈட்டி மரப் பெட்டிகளுக்கு யார் காவல்?

புது தில்லி: கூரைபோல் சரிந்த மூடி, மூலைகளில் பித்தளைப் பட்டை, கதவுக்குப் போடுவதுபோன்ற பெரிய பூட்டு. கேரளத்தின் பழைய வீடுகளில் மணப்பெண்ணின் நகைகளைக் காத்த நெட்டூர் பெட்டியின் அடையாளங்கள் இவை. தலச்சேரி அருகிலுள்ள நெட்டூரின் பெயரைத் தாங்கிய இப்பெட்டிகள் பெரும்பாலும் ஈட்டி மரத்தால் ஆனவை. இன்று தில்லியிலும் மட்டாஞ்சேரியிலும் அவை அலங்காரப் பொருள்களாக விலை பேசப்படுகின்றன.

ஸ்பெயினில் இதே இடத்தை வகித்தவை இரும்பு வேலைப்பாடு கொண்ட மரப்பெட்டிகள். சிவப்பு வெல்வெட்டின் மீது துளையிட்ட இரும்புத் தகடுகளைப் பொருத்தி, அவற்றுக்குப் பொன்முலாம் பூசிய எழுதுபெட்டிகள் அங்கு செல்வத்தின் சின்னமாக விளங்கின. மலபார்த் தச்சர்களோ பித்தளையை நாடினர். கடற்கரையின் ஈரக்காற்றில் இரும்பு துருவேறும், பித்தளை தாங்கும்.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நூறாண்டுக்குக் குறையாத பழமை வாய்ந்த கலைப்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை. சட்டம் கடுமையானதுதான். ஆனால் பழமையை அளப்பது எப்படி? பெட்டி தொல்பொருள் அல்ல என்ற சான்று தர, தொல்லியல் துறையின் நிபுணர் குழு கூடிப் பார்த்துச் சொல்ல வேண்டும். பழைய பூட்டையும் தகடுகளையும் கழற்றிப் புதிய மரத்தில் பொருத்திவிட்டால் அது பழையதா, புதியதா? உலோகத்துக்கு ஒரு வயது, மரத்துக்கு வேறொரு வயது. தில்லியில் எழுதப்பட்ட விதிகள் கோயில் சிலைகளை மனத்தில் கொண்டவை. வீட்டுத் தளவாடம் அவற்றில் ஓரமாகவே நிற்கிறது. வீட்டார் பெட்டியைப் பழைய சாமான் வியாபாரியிடம் தள்ளிவிடும்போது எந்த அலுவலகமும் அதைக் கவனிப்பதில்லை.

மற்றொரு முடிச்சு மரத்தில் இருக்கிறது. ஈட்டி மர வணிகம் 2017 ஜனவரி முதல் அருகிவரும் உயிரினங்கள் குறித்த சர்வதேச உடன்பாட்டின் கட்டுப்பாட்டில் உள்ளது. கேரள வருவாய்த் துறை 2020 அக்டோபரில் பிறப்பித்த உத்தரவு பட்டா நிலங்களில் மரம் வெட்ட வழிவிட்டது. வயநாட்டின் முட்டிலில் ஈட்டி மரங்கள் சாய்ந்தன. 2021 பிப்ரவரியில் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. வெட்டிய மரம் திரும்பவில்லை.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் நாள்தோறும் ஜீப்புகளில் ஏறிச் செல்லும் வண்டன்மேடு ஏலத்தோட்டங்களில் கதை வேறு. ஏலச்செடிக்கு நிழல் வேண்டும். அந்த நிழலைத் தருவனவற்றுள் பெட்டி செய்யப் பயன்படும் பலாவும் ஒன்று. ஆனால் நிலம் வருவாய்த் துறையிடம், மரம் வனத்துறையிடம் என்ற இரட்டை ஆட்சி ஏலமலையில் நெடுங்காலமாக நிலவுகிறது. இது வனமா, வருவாய் நிலமா என்ற வழக்கில் 1897ஆம் ஆண்டின் அறிவிக்கை இன்றும் வாதத்துக்கு வருகிறது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அங்குப் புதிய பட்டாக்கள் வழங்குவதற்குத் தடை விதித்தது.

பழைய பெட்டியின் உடைந்த மூடியைச் சீர்செய்ய முன்வரும் தச்சர் எங்கிருந்து மரம் வாங்குவது என்பதற்கு, இந்த இரு துறைகளில் எதுவும் இதுவரை தெளிவான வழி வகுக்கவில்லை.