பெயரும் குடும்பப்பெயரும்: ஸ்மித் முதல் முனியாண்டி வரை

சுங்கை பட்டாணியில் ஆறாம் படிவத்தை முடித்த ஒரு மாணவி, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் பெயர் கவிதா; தந்தையின் பெயர் முனியாண்டி. விண்ணப்பப் பாரத்தில் இரண்டு கட்டங்கள் உள்ளன. ஒன்றில் 'இயற்பெயர்' என்றும் மற்றொன்றில் 'குடும்பப்பெயர்' என்றும் எழுதப்பட்டிருக்கிறது. முதல் கட்டத்தில் 'கவிதா' என்று உடனே எழுதிவிடுகிறாள். இரண்டாவது கட்டத்தைக் கண்டதும் அவள் கை நின்றுவிடுகிறது. தயங்கித் தயங்கித் தந்தையின் பெயரை எழுதுகிறாள். சில வாரங்களுக்குப் பிறகு வரும் பதில் கடிதம், 'அன்புள்ள செல்வி முனியாண்டி' என்று தொடங்குகிறது. கடிதம் தனக்கு வந்ததா, தன் அப்பாவுக்கு வந்ததா என்று அவளுக்கே ஐயம் எழுகிறது.

இந்தக் குழப்பத்துக்கு யாரும் காரணமல்லர். இரண்டு வேறுபட்ட பெயர் மரபுகள் ஒரே பாரத்தில் சந்தித்துக்கொண்டதே காரணம். அம்மரபுகள் எங்கிருந்து வந்தன, எப்படி வளர்ந்தன என்பதை அறிந்துகொண்டால், அந்தக் கட்டத்தைத் தயக்கமின்றி நிரப்பலாம்.

ஆங்கிலேயருக்குக் குடும்பப்பெயர் வந்த விதம்

ஆங்கிலேயருக்கும் தொடக்கத்தில் குடும்பப்பெயர் இருக்கவில்லை. ஒருவருக்கு ஒரு பெயர்தான். 1066-ஆம் ஆண்டில் நார்மானியர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர், ஜான், வில்லியம், ரிச்சர்ட், ராபர்ட் போன்ற சில பெயர்களே எங்கும் பரவின. ஓர் ஊரில் ஐந்து ஜான்கள் இருந்தால், வரி வசூலிப்பவர் எந்த ஜானைத் தேடுவார்? ஆகவே, பெயருடன் ஓர் அடையாளத்தைச் சேர்த்துச் சொல்லும் வழக்கம் உண்டாயிற்று.

அந்த அடையாளங்கள் பெரும்பாலும் நான்கு வகையின. முதலாவது, தொழில். கொல்லர் ஸ்மித் ஆனார். தையற்காரர் டெய்லர் ஆனார். ரொட்டி சுடுபவர் பேக்கர் ஆனார். இரண்டாவது, இடம். குன்றின் அருகே வாழ்ந்தவர் ஹில் எனவும், காட்டின் ஓரம் வாழ்ந்தவர் வுட் எனவும் அழைக்கப்பட்டனர். மூன்றாவது, தந்தையின் பெயர். ஜானின் மகன் ஜான்சன் ஆனார். நான்காவது, தோற்றத்தையோ குணத்தையோ சுட்டும் பட்டப்பெயர். பழுப்பு நிறத்தவர் பிரவுன், குட்டையானவர் ஷார்ட்.

தொடக்கத்தில் இவை அந்த ஒருவருக்கு மட்டுமே உரியவையாக இருந்தன. கொல்லரின் மகன் ரொட்டி சுட்டால் அவன் பேக்கர்தான். ஆனால், ஏறத்தாழ 1400-ஆம் ஆண்டளவில் பெரும்பாலான ஆங்கிலேயரிடையே இந்த அடைமொழிகள் தந்தையிடமிருந்து பிள்ளைக்குச் செல்லும் பரம்பரைப் பெயர்களாக உறைந்துவிட்டன. அதன் பிறகு, இரும்பையே தொடாதவரும் ஸ்மித் ஆனார். தந்தையின் பெயர் ஜான் இல்லாதவரும் ஜான்சன் ஆனார்.

ஸ்மித்துகள் எத்தனை பேர்?

பெயர் உறைந்துவிட்டால் அதை எண்ணலாம். அமெரிக்காவின் 2010-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஸ்மித் என்ற குடும்பப்பெயர் கொண்டோர் 2,442,977 பேர். அந்நாட்டில் முதலிடம் அப்பெயருக்கே. பிரிட்டனிலும் ஸ்மித்தே முதலிடத்தில் உள்ளது. கொல்லர் இல்லாத ஊர் அக்காலத்தில் இல்லை. ஏர்முனை, குதிரை லாடம், கத்தி, ஆணி ஆகிய அனைத்துக்கும் அவரே தேவைப்பட்டார். ஆகவே, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல ஊர்களில் ஒரே பெயர் தனித்தனியாகத் தோன்றியது. இரண்டு ஸ்மித்துகள் சந்தித்தால் அவர்கள் உறவினர்களாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஜெர்மானியரின் ஷ்மித், அங்கேரியரின் கோவாச், இத்தாலியரின் பெர்ராரி ஆகிய பெயர்களும் கொல்லுத் தொழிலிலிருந்து பிறந்தவையே.

எல்லாக் குடும்பப்பெயர்களும் இவ்வாறு பெருகுவதில்லை. கெடாவின் பீடோங் வட்டாரத்தில் ஹார்வர்ட் தோட்டம் உள்ளது. அத்தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகளும் உள்ளன. 'ஹார்வர்ட்' என்பதும் ஓர் ஆங்கிலக் குடும்பப்பெயரே. 'படைக் காவலன்' என்று பொருள்படும் பழைய ஆங்கிலப் பெயரிலிருந்து அது வந்தது. 1607-இல் லண்டனின் சவுத்வார்க் பகுதியில் பிறந்த ஜான் ஹார்வர்ட், அமெரிக்காவுக்குச் சென்று 1638-இல் இறந்தார். தம் சொத்தில் பாதியையும் ஏறத்தாழ 400 நூல்களையும் அங்குப் புதிதாகத் தொடங்கப்பட்ட கல்லூரிக்கு விட்டுச் சென்றார். 1639-இல் அக்கல்லூரிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. பிள்ளைகள்வழி செல்லாத குடும்பப்பெயர் ஒரு கல்விக்கூடத்தின்வழி உலகறிந்த பெயரானது.

தமிழரின் பெயர் மரபு

பெயரோடு அடையாளம் சேர்க்கும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. சங்கப் புலவர்களின் பெயர்களைப் பார்த்தாலே இது விளங்கும். 'மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார்' என்ற பெயரில் ஊர் மதுரை, தொழில் துணி வாணிகம், இயற்பெயர் இளவேட்டன். 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்' என்பதில் ஊரும் தந்தையும் இயற்பெயரும் அமைந்துள்ளன. குறுந்தொகைப் புலவர்களுள் ஒருவர் 'மதுரைப் பெருங்கொல்லன்' எனப்படுகிறார். ஆங்கிலேயரின் ஸ்மித்துக்கு நேரான பெயர் அது.

எனினும், இந்த அடைமொழிகள் ஆங்கிலப் பெயர்களைப் போல உறையவில்லை. தமிழர் மரபில் தந்தையின் பெயர் ஒரு தலைமுறைக்கு மட்டுமே பிள்ளையின் பெயரோடு நிற்கும். அதுவே பின்னாளில் தலைப்பெழுத்தாகச் சுருங்கியது. சாதிப் பட்டங்கள் சில குடும்பங்களில் பெயரின் பின்னால் தொடர்ந்து வந்தன. 1929-இல் செங்கற்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, அப்பட்டங்களைக் கைவிடுமாறு தீர்மானம் நிறைவேற்றியது. அதன் பின்னர்த் தமிழ்நாட்டில் பலர் அவற்றை நீக்கிவிட்டனர்.

பெயரைப் பரம்பரையாகக் காக்கும் வழியொன்றும் தமிழரிடம் உண்டு. தாத்தாவின் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டுவதே அது. 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது. பாட்டனின் பெயரைத் தாங்கியவன் என்பது அதன் பொருள். ஆங்கிலேயரின் குடும்பப்பெயர் ஒவ்வொரு தலைமுறையிலும் தொடர்கிறது. தமிழரின் குடும்பத்தில் ஒரு பெயர் ஒரு தலைமுறை விட்டு மறு தலைமுறையில் திரும்பி வருகிறது.

தோட்டத்துப் பதிவேட்டில் பெயர்

1909-ஆம் ஆண்டு ஆங்கிலோ-சயாமிய உடன்படிக்கையின்வழி கெடா, சயாமின் மேலாதிக்கத்திலிருந்து பிரிட்டிஷாரின் செல்வாக்கின் கீழ் வந்தது. கூலிம், பாடாங் செராய், பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள்வழி தொழிலாளர்கள் வந்து சேர்ந்தனர். அவர்கள் கொண்டுவந்தது இயற்பெயரும் தந்தையின் பெயரும் மட்டுமே.

விடியற்காலையில் தொழிலாளர்கள் பெரட்டுக்களத்தில் கூடுவார்கள். கிராணி பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். ஒரே தோட்டத்தில் முனியாண்டிகளும் லெட்சுமிகளும் பலர் இருப்பார்கள். அவர்களைப் பெரிய முனியாண்டி, சின்ன முனியாண்டி, நெட்டை முனியாண்டி என்று லயத்து மக்கள் பிரித்தறிந்தனர். ஐந்து ஜான்களைப் பிரித்தறிய இங்கிலாந்து கிராமத்தார் கையாண்ட அதே வழிதான் இது.

ஆனால், அரசாங்கப் பதிவுக்குப் பட்டப்பெயர் போதவில்லை. தந்தையின் பெயரே பயன்பட்டது. 'இன்னாரின் மகன்', 'இன்னாரின் மகள்' என்பதைக் குறிக்க ஆங்கிலத்தில் 'எஸ்/ஓ', 'டி/ஓ' என்ற சுருக்கங்கள் எழுதப்பட்டன. 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பின்னர், 12 வயதை எட்டிய அனைவருக்கும் அடையாள அட்டை கட்டாயமாயிற்று. பெயர் ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் இருக்க வேண்டிய ஆவணமானது. பின்னாளில் மலாய்மொழி தேசிய மொழியாக நிலைபெற்றதும், ஆங்கிலச் சுருக்கங்களின் இடத்தை 'ஏ/எல்', 'ஏ/பி' ஆகியவை பிடித்தன. 'அனாக் லெலாக்கி' என்றால் மகன். 'அனாக் பெரெம்புவான்' என்றால் மகள். சிங்கப்பூரில் பழைய ஆங்கிலச் சுருக்கங்கள் இன்றும் வழங்குகின்றன.

இது மலேசியாவின் மற்ற பெயர் மரபுகளோடும் இயைந்து செல்கிறது. மலாய்க்காரர்கள் 'பின்', 'பிந்தி' என்றும், சரவாக்கின் இபான் மக்கள் 'அனாக்' என்றும் தந்தையின் பெயரைச் சேர்க்கின்றனர். சீனர்கள் குடும்பப்பெயரை முதலில் எழுதுகின்றனர். கெடாவின் அண்டை நாடான தாய்லாந்திலோ 1913-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, மக்கள் அனைவரும் குடும்பப்பெயர் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மலேசியச் சட்டம் அவ்வாறு கட்டாயப்படுத்தவில்லை. 1957-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், குடும்பப்பெயர் இருந்தால் அதைப் பதியலாம் என்ற முறையிலேயே பேசுகிறது. உலகில் இப்படித் தந்தை பெயரோடு வாழ்பவர்கள் வேறு சிலரும் உள்ளனர். ஐஸ்லாந்து மக்களுள் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. அங்கு அச்சிடப்பட்டுவந்த தொலைபேசிப் புத்தகத்தில்கூட இயற்பெயரே அகர வரிசையில் முதலில் வந்தது.

ஓர் எழுத்து செய்யும் வேலை

தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டு ரோமன் எழுத்தில் எழுதும்போது, எழுதுபவரின் செவியே விதியாகிவிடுகிறது. முனியாண்டி என்பதன் இறுதியில் ஒருவர் 'ஐ' என்ற எழுத்தை இடுவார். மற்றொருவர் 'ஒய்' இடுவார். சுப்பிரமணியம் என்பதில் ஒருவர் 'பி' எழுதுவார். இன்னொருவர் அதன் வல்லின ஒலியைக் கேட்டு வேறோர் எழுத்தைப் போடுவார். லெட்சுமியின் பெயருக்கோ எத்தனையோ வடிவங்கள் உள்ளன. ஒரே தாயின் பிள்ளைகளது பிறப்புப் பத்திரங்களில் தந்தையின் பெயர் வெவ்வேறு விதமாக இருப்பது தோட்டப்புறக் குடும்பங்களில் அரிதன்று.

இதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஷேக்ஸ்பியரின் கையொப்பங்கள் என ஏற்கப்படும் ஆறிலும் அவர் பெயர் ஒரே விதமாக எழுதப்பட்டிருக்கவில்லை. ஆனால், அவர் காலத்தில் கணினி இல்லை. இன்று ஓர் எழுத்து வேறுபட்டாலும் கணினி இருவேறு ஆட்களாகவே எடுத்துக்கொள்ளும். கல்விக்கடன், கடப்பிதழ், ஊழியர் சேமநிதி, தந்தையின் சொத்து ஆகியவற்றுக்காக ஆவணங்களை ஒப்பிடும்போதுதான் அந்த எழுத்தின் பாரம் தெரியவரும். எனவே, பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, பள்ளிச் சான்றிதழ் ஆகிய மூன்றிலும் பெயர் ஒத்திருக்கிறதா என்று பள்ளியில் பயிலும்போதே பார்த்துவிடுவது நல்லது. பிழை இருப்பின் தேசியப் பதிவிலாகாவை அணுகலாம்.

எண்ணிக்கை சொல்வதும் சொல்லாததும்

ஸ்மித்துகளை எண்ணியதுபோல் முனியாண்டிகளை எண்ண முடியுமா? எண்ணலாம், ஆனால், அந்த எண் வேறொன்றைச் சொல்லும். ஸ்மித் என்பது பல தலைமுறைகள் சேர்ந்த தொகை. முனியாண்டி என்பதோ ஒரு தலைமுறையின் விருப்பம். முனியாண்டியின் மகள் கவிதா என்றால், கவிதாவின் பிள்ளையின் பெயரில் முனியாண்டி இருக்காது. அப்பிள்ளையின் தந்தை பெயரே இருக்கும். காவல் தெய்வத்தின் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டிய காலம் மாறினால், முனியாண்டி என்ற பெயரும் இரண்டு தலைமுறைகளில் பதிவேட்டைவிட்டு மறைந்துவிடும்.

இம்மரபில் ஒரு நன்மை உண்டு. இயற்பெயரே ஒருவரின் உண்மையான பெயராக நிற்கிறது. மணமான பின்னரும் பெண்ணின் அடையாள அட்டையில் அவளது பெயரும் தந்தையின் பெயரும் மாறாமல் இருக்கின்றன. இதில் ஓர் இழப்பும் உண்டு. ஆங்கிலேயர் ஒருவர் குடும்பப்பெயரைப் பற்றிக்கொண்டு, பழைய தேவாலயப் பதிவேடுகளில் தம் முன்னோரைப் பல நூற்றாண்டுகள்வரை தேடிச் செல்லலாம். தமிழ்ப் பிள்ளையின் அடையாள அட்டையோ ஒரே ஒரு படிதான் பின்னோக்கிச் செல்லும். தந்தையின் தந்தை யார், கப்பலேறிப் பினாங்கில் வந்திறங்கியவர் யார், எந்த ஊரிலிருந்து வந்தார் என்பவற்றை அந்த அட்டை சொல்லாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்ட இக்காலத்தில், அவற்றைச் சொல்லக்கூடியவர்கள் வீட்டிலுள்ள தாத்தா பாட்டியர் மட்டுமே.

இனி, கவிதாவின் விண்ணப்பத்துக்குத் திரும்புவோம். மலேசியக் கடப்பிதழில் முழுப்பெயரும் ஒரே வரியில்தான் உள்ளது. பாரத்தில் குடும்பப்பெயரைக் கட்டாயமாகக் கேட்டால், கடப்பிதழில் உள்ள எழுத்து மாறாமல் தந்தையின் பெயரை எழுதி, 'இது என் தந்தையின் பெயர். எங்கள் மரபில் குடும்பப்பெயர் இல்லை. என்னைக் கவிதா என அழைக்கவும்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும். அதன் பிறகு, ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு பாட்டியிடம் அமரலாம். முனியாண்டியின் தந்தை பெயர், அவருடைய தந்தை பெயர், அவர்கள் வேலை செய்த தோட்டம், விட்டுவந்த ஊர் எனப் பாட்டி சொல்லச் சொல்ல எழுதி வைக்கலாம். எந்தப் பாரத்திலும் இடம் இல்லாத அந்தப் பெயர்களுக்கு அத்தாளில் இடம் கிடைக்கும்.