ருசி கூடன்னு சொல்றோமே, கணக்கு இருக்கா?

ஆவடி, அம்பத்தூர் அடுக்குமாடி வீடுகளுக்கு அரிசி கொடுக்கும் நம்ம ஆளுங்க எல்லாருக்கும் பழகிய கேள்விதான்: "கிலோவுக்கு இவ்வளவு கூடக் கேக்குறீங்களே, சாப்பிட்டா வித்தியாசம் தெரியுமா?" தெரியும் என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். வங்கியில் தணிக்கைக்கு வந்தவரிடம் "நம்புங்க சார்" என்றால் வேலைக்கு ஆகாது, வவுச்சரைக் காட்டணும். ருசிக்கும் வவுச்சர் உண்டு.

அதற்கு முக்கோணச் சோதனை என்று பெயர். ஒருவர் முன் மூன்று கிண்ணம் சோறு வைக்கணும். இரண்டில் ஒரே அரிசி, ஒன்றில் வேறு. எது வேறு என்று அவர் சொல்லணும். கிண்ணத்தில் பெயர் கூடாது. 417, 862 என்பது போல எண் மட்டும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். அதனால் 24 பேரில் 8 பேர் சரி என்றால் அதில் ஒன்றுமில்லை. 12 பேர்கூடப் போதாது. 13 பேர் சொன்னால்தான் வித்தியாசம் இருக்கிறது என்று பேசலாம். வெறும் அதிர்ஷ்டத்தில் 13 பேரோ அதற்கு மேலோ சரியாகச் சொல்ல வாய்ப்பு 100-க்கு 3 அளவுதான்.

இந்த மாதிரி கணக்குக்கு வழிகாட்டியவர் ஃபிஷர். இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வுப் பண்ணையில் வேலை பார்த்தவர். கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்று குடித்தே சொல்வேன் என்ற பெண்மணிக்கு 8 கோப்பை வைத்துச் சோதிக்கும் கணக்கை 1935-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் விளக்கினார். அந்தப் பண்ணையை 1843-ல் தொடங்கிய லாஸ், அதற்கு முந்தின வருடம்தான் சூப்பர் பாஸ்பேட்டுக்குக் காப்புரிமை வாங்கியவர்! அங்கே பிறந்த கணக்கு நமக்கும் உதவட்டுமே.

இதுவரைக்கும் எக்செல் போதும். 'பைனாம் டிஸ்ட்' என்ற ஃபார்முலா உள்ளேயே இருக்கு. இலவச லிப்ரே ஆபீஸிலும் உண்டு. மணம், மென்மை, ஒட்டும் தன்மை என்று தனித்தனியாக மார்க் போடச் சொன்னால்தான் தனி மென்பொருள் வேணும். நார்வேயின் நோஃபிமா ஆய்வு நிறுவனமும் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த 'பேனல்செக்' இலவசம். கட்டளை எழுதத் தெரியவேண்டாம். எக்செல் கோப்பை ஏற்றி மவுஸால் தட்டினால் படமாக வரும். எனக்குப் பிடித்தது, அது சோற்றை விடச் சாப்பிட்டவரைத்தான் முதலில் சோதிக்கிறது. ஒரே அரிசிக்கு ஒருமுறை 8, மறுமுறை 3 போட்டவர் யார், எல்லாத்துக்கும் 7 போட்டுவிட்டு எழுந்து போனவர் யார் என்று காட்டிக்கொடுத்துவிடும். பிரான்ஸில் ரென் நகர வேளாண் கல்லூரிக்காரர்கள் எழுதிய 'சென்சோமைன்ஆர்' இன்னும் ஆழமானது. ஆனால் அதற்கு 'ஆர்' மொழி தெரிந்த பிள்ளை ஒருவர் வீட்டில் இருக்கணும்.

மென்பொருளால் சமையலறைத் தப்பைத் திருத்த முடியாது. நம்ம தூயமல்லிக்கு எதிரே கடைப் பொன்னியை வைத்தால் அது ரகத்தைத்தான் சோதிக்கும், விவசாய முறையை அல்ல. தூயமல்லிக்குத் தூயமல்லிதான் வைக்கணும். அறுவடைக் காலம், அரிசியின் வயது, தீட்டல், தண்ணீர் அளவு எல்லாம் ஒன்றாக இருக்கணும். புது அரிசி குழையும், பழசு உதிரும்; அதை இயற்கை விவசாயத்தின் கணக்கில் எழுதக்கூடாது.

வேறு என்று தெரிந்தாலும், நம்மதுதான் மேல் என்று ஆகிவிடாது. அதற்கு இரண்டு கிண்ணம் வைத்து எது பிடிக்குது என்று தனியாகக் கேட்கணும். அங்கே 24-க்கு 18 பேர் ஒரே பக்கம் வரணும். 13 வரவில்லை என்றால்? விலைப் பலகையில் 'ருசி' என்று எழுதியதை அழித்துவிட்டு, விஷம் தெளிக்காததை எழுதலாம். அதை நாம் வயலிலேயே காட்ட முடியும்.

அடுத்த கூட்டத்தில் மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே செய்து பார்க்கலாம். மூன்று கிண்ணத்தை ஆறு விதமாக வரிசை மாற்றி வைக்கலாம். வரிசைக்கு நாலு பேர் என்றால் 24 ஆச்சு. சமைத்தவர் பரிமாறக்கூடாது.