சிவப்பு மை படாத நோட்டு

‘மனசு சரியில்லை’ என்று காரணம் எழுதிய விடுப்புக் கடிதம் ஒன்றைக்கூட என் இருபத்திரண்டு ஆண்டுப் பணியில் நான் பார்த்ததில்லை. காய்ச்சல், தலைவலி, உறவினர் வீட்டு விசேஷம் என்றுதான் எழுதுகிறோம். மாணவர்களின் மனநலம் பற்றிப் பயிற்சிகளில் நிறையப் பேசுகிறோம். அந்தப் பயிற்சியில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியருக்கும் மனம் உண்டல்லவா?

பணிச்சோர்வு என்பதை உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டு நூலில் தெளிவாக விளக்கியது. அதை ஒரு நோயாக அல்ல, பணி சார்ந்த நிலையாகவே குறிப்பிட்டது. அதற்கு மூன்று அடையாளங்கள்: உடலும் மனமும் வற்றிப்போதல், வேலையின்மீது விலகலும் வெறுப்பும், ‘நான் செய்வதால் ஒரு பயனும் இல்லை’ என்ற எண்ணம். மூன்றாவதுதான் ஆசிரியரை அதிகம் தின்கிறது என்பது என் கருத்து. களைப்பு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தில் தீரலாம். பயனில்லை என்ற எண்ணம் தூங்கவே விடாது.

சுயபராமரிப்பு என்றதும் மலைவாசத்தலமும் தியான வகுப்பும் நினைவுக்கு வருகின்றன. நான் தண்ணீரிலிருந்து தொடங்குவேன். காலையில் பள்ளிக்குள் நுழைந்தால் மாலைவரை தண்ணீர் குடிக்காத ஆசிரியைகள் எத்தனை பேர் என்பது நமக்கே தெரியும். கழிப்பறைக்குப் போக இடைவேளை போதாது, அல்லது போகப் பிடிக்காது. சிறுநீர்த் தொற்றும் தலைவலியும் வந்தபிறகு மருந்து வாங்குகிறோம். நாள் முழுதும் பேசும் தொண்டைக்கும் தண்ணீர் தேவை. மதியச் சாப்பாட்டை ஒரு கையிலும் விடைத்தாளை மறு கையிலும் வைத்துக்கொள்வதைக் கடமையுணர்வு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த இருபது நிமிடத்தில் எந்த விடைத்தாளும் ஓடிவிடாது.

இனி, படைப்பாற்றல். எங்கள் பள்ளியில் என்னோடு பணியாற்றும் ஓர் ஆசிரியையின் அனுபவத்தை அவர் சம்மதத்தோடு சொல்கிறேன். அவர் வகுப்பில் நன்றாகப் படித்த ஒரு பெண், காலாண்டு விடுமுறைக்குப் பின் வரவில்லை. விசாரித்தபோது கல்யாணம் முடிந்திருந்தது. புகார், அதிகாரிகள், விசாரணை எல்லாம் நடந்தன. ஆனால் ஆசிரியைக்கு இரவுத் தூக்கம் போய்விட்டது. வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயருக்கு நேரே பேனா நின்றுவிடும் என்பார். ‘முன்பே கண்டுபிடித்திருக்க வேண்டுமே’ என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவரிடம் நான் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தேன். அதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை வருத்திய நிகழ்வைப் பற்றி எழுதினார்கள். நடந்ததையும் அப்போது மனம் பட்ட பாட்டையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குக் குறைவாகவே போனார்கள். எழுதி முடித்த உடனே அவர்களுக்கு வருத்தம் கூடத்தான் செய்தது என்பதையும் மறைக்கக் கூடாது. எழுத எழுதத் தாங்க முடியாமல் போனால் நிறுத்திவிட வேண்டும்.

பிழை பார்க்கக் கூடாது, அடித்துத் திருத்தக் கூடாது, யாரும் படிக்கப் போவதில்லை. இவைதான் விதிகள். தமிழாசிரியையான அவருக்கு ஒற்றுப்பிழையை அப்படியே விடுவதுதான் கஷ்டமாக இருந்ததாம்! நான்காம் நாள் அந்தப் பெண்ணுக்கே ஒரு கடிதமாக எழுதியிருக்கிறார். அதில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. மறுவாரம் அவராகவே மருத்துவரைப் பார்க்கப் போனார். நோட்டு குணப்படுத்தியது என்று சொல்ல மாட்டேன். வாய்விட்டுச் சொல்ல முடியாததற்கு அது முதல் வாக்கியத்தைக் கொடுத்தது.

‘எனக்கு எழுத வராது, வரைய வராது’ என்பவர்களுக்கு இன்னொரு செய்தி. 2016இல் கிரிஜா கைமால் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் 39 பேர், களிமண், வண்ணப் பேனா, ஒட்டுப்படம் என்று விரும்பியதைக் கொண்டு 45 நிமிடம் எதையாவது செய்தார்கள். ஏறத்தாழ முக்கால் பங்கினருக்கு உமிழ்நீரில் கார்டிசால் என்ற மனஅழுத்த ஹார்மோனின் அளவு குறைந்தது. முன்பயிற்சி இருந்ததா இல்லையா என்பதால் பெரிய வேறுபாடு இல்லை. சிறிய ஆய்வுதான். ஆனாலும் ‘நன்றாக வர வேண்டும்’ என்ற கவலையை இறக்கிவைக்க இது போதும்.

நம் வாசலிலேயே கோலம் இருக்கிறது. கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970களில் கணிதக் கண்ணோட்டத்தோடு ஆராய்ந்த அளவுக்கு நுட்பமான கலை அது. சிக்குக் கோலத்தில் கம்பி எந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்புகிறது என்று பார்க்கும்போது, அன்றைய இணையப் பதிவு நிலுவை மனத்தில் ஓட இடமில்லை. ஆண் ஆசிரியர்களும் தாளில் போட்டுப் பார்க்கலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

தூக்கமின்மை, அழுகை, எதிலும் பிடிப்பின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் நோட்டும் கோலமும் போதாது. வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

பணிச்சுமையைக் கோலம் குறைக்காது என்பதும் உண்மை. அதற்குத் தலைமையாசிரியரும் துறையும் சேர்ந்து பேச வேண்டும். எங்கள் பள்ளியில் பேசிப் பார்த்தோம். இப்போது வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் ஆசிரியர் அறைக்குள் பதிவேடு எதுவும் வருவதில்லை. மேசையில் ஒரு பெட்டி வண்ணப் பென்சில் இருக்கிறது. கணக்கு ஆசிரியர் மூன்று வாரமாக ஒரே காகத்தை வரைந்துகொண்டிருக்கிறார்.