வாசனை மெழுகு ஏன் மணப்பதில்லை?

சுன்னாகத்தில் வீட்டிலிருந்தே வாசனை மெழுகு வில்லை செய்யும் பெண்கள் சிலரிடம் பேசினேன். போரில் உழைப்பாளரை இழந்த குடும்பங்களுக்கு, ஒருமுறை வாங்கியவர் திரும்பி வந்தால்தான் வருமானம். "மணம் காணாது" என்று யாராவது சொன்னால் உடனே கூடுதல் எண்ணெய் விடுகிறார்கள். செலவுதான் கூடுகிறது.

முதலில் அளவு. போத்தல் மூடியால் அளக்காமல் தராசில் நிறுங்கள். 500 கிராம் சோயா மெழுகுக்கு 8 வீதம் என்றால் 40 கிராம் வாசனை எண்ணெய். பல மெழுகுகள் 10 வீதத்துக்கு மேல் தாங்காது. மிஞ்சியது மேலே கசியும். கேக்குக்கு விடும் எசன்ஸ் மெழுகில் கலக்காது.

அடுத்தது சூடு. மெழுகைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். பெரும்பாலான சோயா மெழுகுகளுக்கு 80 முதல் 85 பாகை செல்சியஸில் எண்ணெயை விட்டு, இரண்டு நிமிடம் மெதுவாகக் கலக்க வேண்டும். ஆறிய மெழுகில் எண்ணெய் சரியாகச் சேராது. தொடர்ந்து சூடாக்கினால் மணம் ஆவியாகிவிடும்.

பலர் பொறுப்பதில்லை. வார்த்த அன்றே விற்காமல், காற்றுப் புகாமல் மூடி, வெயில் படாத இடத்தில் ஒன்றிரண்டு கிழமை வையுங்கள்.

செய்தவரின் மூக்கு அந்த மணத்துக்குப் பழகியிருக்கும். அயல்வீட்டாரிடம் கொடுத்துக் கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்றி, கொப்பியில் குறித்து வையுங்கள். பிழை எங்கே என்று அப்போதுதான் பிடிபடும்.