ஒன்றும் இரண்டும் மூன்றும் இருபத்துநான்கு!

மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயத்து மாசிமகத் திருவிழாவைக் கண்டோர், ஐந்து தேர்களும் வீதியிலே அசைந்தசைந்து வரும் அழகை எளிதில் மறவார். ஆயினும், அவ்வேளையில் அவசர அலுவலாக வீதியின் மறுபுறம் செல்ல விரும்புவோன், தேர் கடக்கும்வரை காத்து நிற்கவே வேண்டும். அசைவின் அழகு வழியை மறிப்பதும் உண்டு. நம் கைத்தொலைபேசிக்குள்ளும் இவ்வாறு நிகழ்வதுண்டு என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும்.

திரையைத் தொட்டதும் பொத்தான் ஒளிர்ந்து மங்குகின்றது. பக்கம் வழுக்கிச் செல்கின்றது. உண்மையில் அங்கே எதுவும் அசைவதில்லை. தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் செயலியை ஆக்குவோர் குறித்துவிட, இடைப்பட்ட படங்களைக் கருவியே வரைந்து, பெரும்பாலும் விநாடிக்கு 60 வீதம் காட்டுகின்றது. திரைப்படம் போன்றே இதுவும் கண்ணின் மயக்கந்தான். நாம் இட்ட கட்டளை ஏற்கப்பட்டது என்று அறிவிப்பதே இதன் பணி.

அறிவிக்க வந்த ஏவலாள் கட்டளையையே விழுங்கிவிட்டால் என்னாகும்? 2017ஆம் ஆண்டில் ஐபோன் கருவிகளுக்கு வெளியான ஐ.ஓ.எஸ். 11 என்னும் மென்பொருளில் அதுவே நேர்ந்தது. அதன் கணிப்பானில் 1+2+3 என விரைந்து அழுத்தியோர்க்கு, 6 என்பதற்குப் பதிலாக 24 என விடை கிடைத்தது! கூட்டற்பொத்தானின் ஒளிர்வு அடங்குமுன் அது மறுபடியும் தொடப்பட்டதால், இரண்டாம் கூட்டற்குறி தவறிப்போயிற்று. கருவி 1+23 என்றே கொண்டது. அவ்வாண்டு டிசம்பரில் வந்த 11.2 பதிப்பில் இக்குறை களையப்பட்டது.

எண்கள் சிறியனவாதலால் பிழை உடனே புலப்பட்டது. மிளகும் கராம்பும் சாதிக்காயும் நிறுத்து விற்கும் நம்மூர் வணிகரின் நீண்ட கணக்கொன்றில் இது நேர்ந்திருப்பின், யார் கண்டிருப்பார்?

செயலி ஆக்கப் பயிலும் மாணாக்கர் இதிலிருந்து கற்க வேண்டியது ஒன்றுண்டு. தம் படைப்பை நிதானமாகத் தொட்டுப் பார்த்தால் எல்லாம் செவ்வையாகவே தோன்றும். பிழை வெளிப்படுவது அவசரக்காரரின் விரலிலேதான். ஆகவே விரைந்தும், இடையில் குறுக்கிட்டும் சோதித்தல் வேண்டும். தொடுகையை முதலில் ஏற்று, அசைவைப் பின்னர் காட்டுதல் வேண்டும். புதிய தொடுகை வந்தால், நடைபெறும் அசைவு அக்கணமே ஒதுங்குதல் வேண்டும். கணிப்பானைக் கையாளும் ஏனையோரும், விடை ஏறத்தாழ எவ்வளவு வரும் என்று மனத்தால் ஒருமுறை மதித்துக்கொள்ளுதல் நலம்.

வீதியிலே வரும் தேருக்கு நாம் வழிவிடுகின்றோம். திரையிலே ஓடும் தேரோ நம் விரலுக்கு வழிவிட்டேயாதல் வேண்டும்.