45 நாள் ஆண்ட அரசர்



நெகேமியா நூலின் 2ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போது ஓரிடத்தில் நாம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. தமக்குத் திராட்சை இரசம் பரிமாறும் நெகேமியாவைப் பார்த்து, ஏன் இந்த முகவாட்டம் என்று அரசர் கேட்கிறார். உடனே நெகேமியாவைப் பெரும் அச்சம் பற்றிக்கொள்கிறது. முகம் வாடியதற்கா இவ்வளவு அச்சம்? விவிலியம் காரணம் சொல்லவில்லை. பாரசீக அரண்மனையின் வரலாறு சொல்கிறது.

அந்த அரசர் முதலாம் அர்த்தக்சஸ்தா. அவருடைய தந்தை செர்க்சஸ் (எஸ்தர் நூலின் அகஸ்வேர் இவரே என்பர் அறிஞர் பலர்) கி.மு. 465இல் தம் சொந்த மெய்க்காவல் தலைவனின் சதியால் கொல்லப்பட்டார். பழி மூத்த மகன் தாரியுமீது விழுந்தது. அதை நம்பிய தம்பி, அண்ணனைக் கொன்று அரியணை ஏறினார். பின்னர் அந்தச் சதிகாரனையும் கொன்றார். இப்படி வந்த அரசர்முன், கிண்ணத்தைக் கையில் ஏந்துகிறவரே முகம் வாடி நின்றால் என்ன நினைப்பார்? போதாததற்கு, எருசலேமைக் கட்டும் வேலையை முன்பு தடுத்தவரும் அர்த்தக்சஸ்தாவே என்று எஸ்ரா நூல் 4ஆம் அதிகாரம் சொல்கிறது. நெகேமியா கேட்கப்போவது அதே வேலைக்கான அனுமதியை! அவர் மனத்துக்குள் மன்றாடிவிட்டுக் கேட்டார். கிடைத்தது. கி.மு. 445இல் புறப்பட்டுப்போய், 52 நாளில் மதிலை முடித்தார்.

நெகேமியாவின் அச்சம் வீண் அச்சமல்ல என்பதை அந்த அரண்மனையே பின்னர் காட்டியது. அர்த்தக்சஸ்தா கி.மு. 424இல் இறந்ததும், பட்டத்தரசியின் மகன் இரண்டாம் செர்க்சஸ் அரசரானார். ஆண்டது 45 நாள்கள். விழா நாளொன்றில் மது மயக்கத்தில் கிடந்தபோது, வேறு தாய்க்குப் பிறந்த சகோதரர் சொக்தியானுஸ் அவரைக் கொன்றுவிட்டார். அடுத்த தலைமுறையில் அதே அரண்மனையில் மருத்துவராயிருந்த கிரேக்கர் தெசியாஸ் இதைச் சொல்கிறார். தந்தையின் சடலத்தை ஏற்றிய வண்டியின் கோவேறு கழுதைகள் நகர மறுத்தன, மகனின் சடலமும் வந்த பிறகே நடந்தன என்றும் சேர்த்துச் சொல்கிறார். கழுதைக் கதையை நாம் அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனாலும் அரண்மனையைச் சுற்றியிருந்தவர்கள் மனத்தில் அந்தச் சாவு எப்படிப் பதிந்தது என்பதற்கு அது சாட்சி.

சொக்தியானுஸ் ஆண்டது ஆறரை மாதம். இன்னொரு சகோதரர் ஓக்கஸ் ஆணையிட்டு வாக்குக் கொடுத்தார். நம்பாதீர்கள் என்று சொன்னவரின் பேச்சு ஏறவில்லை. பிடிபட்டுச் சாம்பலில் தள்ளப்பட்டு மாண்டார். ஓக்கஸ்தான் இரண்டாம் தாரியு என்ற பெயரில் ஆண்டவர்.

அக்காலப் பாபிலோனியர் தம் கணக்குகளையும் ஒப்பந்தங்களையும் களிமண் பலகைகளில் எழுதி, ஆளும் அரசரின் ஆண்டைக் குறித்துவைத்தார்கள். அவற்றில் அர்த்தக்சஸ்தாவுக்குப் பின் நேரே தாரியு வருகிறார். 45 நாள் அரசரின் பெயரில் ஒரு பலகையும் இல்லை. நெகேமியா நூலின் 3ஆம் அதிகாரத்திலோ, மதில் கட்டிய பொற்கொல்லர் பெயர் இருக்கிறது, நறுமணத் தைலம் செய்தவர் பெயர் இருக்கிறது, தந்தை சல்லூமோடு சேர்ந்து உழைத்த புதல்வியரும் இருக்கிறார்கள். வெறும் பெயர்ப் பட்டியல் என்று நாம் வழக்கமாய்த் தாண்டிப்போகும் அதிகாரம் அது. இந்த வாரம் குடும்பச் செபத்தில் அதை முழுமையாக வாசிப்போம்.