மலைமேல் ஓடுபாதை

கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள சுபாங் விமான நிலையம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 90 அடி உயரத்தில் இருக்கிறது. சரவாக்கின் கெலாபிட் மேட்டுநிலத்திலுள்ள பாரியோ ஓடுபாதையோ 3,350 அடி உயரத்தில் அமைந்தது. சுபாங்கில் எளிதாக எழும் சிறு விமானம், அதே சுமையுடன் பாரியோவில் எழ ஏன் நெடுந்தூரம் ஓட வேண்டும்?

காரணம் காற்று. கண்ணுக்குத் தெரியாததால் மாணவர் அதனை ஒன்றுமில்லாத பொருளாகவே கருதுகின்றனர். உயரம் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறையும். மெலிந்த காற்றில் இறக்கைக்கு வேண்டிய தாங்குவிசை கிடைக்க விமானம் மேலும் விரைந்து ஓடவேண்டும். ஆனால் அந்த விரைவைத் தரவேண்டிய எஞ்சினோ, உயிர்க்காற்றுக் குறைவினால் வலிமை இழந்து நிற்கிறது. சுழல்விசிறிக்கும் பற்றிக்கொள்ளக் காற்றுப் போதாது. வேகமானியும் அடர்த்தியையொட்டியே காட்டுவதால், முள் வழக்கமான எண்ணில் நிற்க, தரைமட்டும் விரைந்து பின்னோடும். புதிய விமானி ஏமாறும் இடம் இதுவே.

வெப்பமும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. கடல் மட்டத்தில் 15 பாகை செல்சியஸ் என்பது விமானக் கணக்கின் அளவுகோல். ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 2 பாகை வீதம் அது குறையும். 3,000 அடியில் 9 பாகை இருக்கவேண்டும். நம் நாட்டு மலையில் நண்பகலில் 24 பாகை என்று கொள்வோம்.

அந்த அளவுகோல் நிலையில், கெட்டித் தரையில் எழுந்து 50 அடி உயரம் எட்ட 1,000 அடி தூரம் வேண்டும் விமானம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிறு விமானங்களுக்கு வழங்கும் பொதுக் கணக்குப்படி ஆயிரம் அடி உயரத்துக்குப் பத்து விழுக்காடு கூட்டினால் 1,331 அடி. மிகை வெப்பம் 15 பாகைக்காக மேலும் 15 விழுக்காடு சேர, 1,530 அடி. ஈரப் புல்தரைக்கு 30 விழுக்காடு. 1,990 அடி ஆகிறது. பாதுகாப்புக்காக மூன்றில் ஒரு பங்கு சேர்த்தால் ஏறத்தாழ 2,650 அடி! இதை மறந்து சமவெளிக் கணக்கில் பாதை வெட்டுவோர் உயிரோடு விளையாடுபவரே.

சேற்றுநிலம் இன்னும் கொடியது. சக்கரம் புதைந்தால் எக்கணக்கும் நில்லாது. 1945-இல் போர்னியோ மேட்டுநிலத்தின் பெலாவிட்டில், டாம் ஹாரிசன் குழுவினருடன் அவ்வூர் மக்கள் நெல்வயலின்மேல் மூங்கில் பரப்பி ஓடுபாதை அமைத்தனர். ஆஸ்டர் என்னும் சிறு விமானங்கள் அங்கு இறங்கி, காட்டில் சிக்கிய அமெரிக்க விமானப்படை வீரரை மீட்டுச் சென்றன. உள்ளூர்ப் பொருளைக்கொண்டு அமைத்த அப்பாதை இன்றும் பொறியியலாளர் வியக்கத்தக்கது.

நிலம் சரிவாயின் அச்சரிவையே துணைகொள்வதுண்டு. நேபாளத்தில் எட்மண்ட் ஹிலாரியின் முயற்சியால் 1964-இல் அமைந்த லுக்லா ஓடுபாதையில் விமானம் மேட்டுப்பக்கமாக இறங்கும். பள்ளத்தை நோக்கி எழும். எதிரே மலை நிற்பதால், இறங்கத் தொடங்கியபின் மீண்டும் எழுந்து வட்டமிட இடமில்லை.

பாதையை நீட்ட நிலம் இல்லையெனில், குளிர்ந்த காலை நேரத்தைத் தேர்வதும் சுமையைக் குறைப்பதுமே வழி. எடை பத்து விழுக்காடு கூடினால் எழும் தூரம் இருபது விழுக்காடு கூடும். ஆகவே இத்தகைய மலையூரில் நோயாளி ஒருவரை அவசரமாக நகருக்கு அனுப்ப வேண்டிய நாளில், விமானத்தில் ஏற்றிய அரிசி மூட்டைகளை இறக்கிவைக்க நேரும்.